தொலைவிலிருந்து ஒரு பட்டம்

முனைவர் பட்டம் பெற்று ஊர் திரும்புகிறவரை ஊரார் கேட்பது, எதைப் பற்றி ஆராய்ந்தீர்கள் என்பது. நேர்காணல் மேசையின் மறுபுறம் அமர்ந்திருப்போர் கேட்பது, எந்த முறையில் பெற்றீர்கள் என்பது. முழுநேரமா, பகுதிநேரமா, தொலைநிலையா என்ற ஒரு சொல்லில் ஏழெட்டு ஆண்டு உழைப்பின் விலை முடிவாகிவிடுகிறது. ஆய்வேட்டின் உள்ளடக்கம் அதற்குப் பின்னரே பேசப்படும், பேசப்படாமலும் போகும். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்யும் நம்மைப் போன்றோர்க்கு இது அன்றாடக் கவலை. கவலையைச் சற்று ஒதுக்கிவைத்து, இந்தத் 'தொலைவு' என்னும் சொல் எங்கிருந்து வந்தது, அது எப்போது குற்றமாயிற்று என்று வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் வாழும் புதுவையே இத்தேடலுக்கு நல்ல இடம். கடலுக்கு அப்பாலுள்ள பல்கலைக்கழகம், நூற்றைம்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கும் பல்கலைக்கழகம், உள்ளூரிலேயே அமைந்த பல்கலைக்கழகம் என்னும் மூன்று காலங்களையும் கண்ட ஊர் இது.

*

முதலில் ஐரோப்பாவுக்குப் போய் வருவோம். 1841 ஏப்ரல் மாதத்தில் பெர்லினில் இருந்த ஓர் இளைஞர், டெமாக்ரிட்டஸ், எபிக்யூரஸ் ஆகியோரின் இயற்கைத் தத்துவங்களை ஒப்பிட்டு எழுதிய ஆய்வேட்டை யேனா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் ஒருநாளும் படித்ததில்லை. ஆய்வேடு சென்று சேர்ந்த சில நாட்களிலேயே, ஏப்ரல் 15 அன்று, அவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் கார்ல் மார்க்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனும் அதே யேனாவில் நேரில் செல்லாமலே முனைவரானார். விண்ணப்பதாரர் முன்னிலையில் இல்லாமல் பட்டம் வழங்குவது அந்நாளைய ஜெர்மனியில் ஏற்கப்பட்ட வழக்கமே.

இந்த வழக்கம் கெட்டதும் அங்கேதான். கட்டணம் கட்டியவர்க்கெல்லாம் பட்டம் என்ற நிலைக்குச் சில பல்கலைக்கழகங்கள் இறங்கின. ரோமானிய வரலாற்றறிஞர் தியோடர் மாம்சன் 1876இல் இதைக் கடுமையாகச் சாடி எழுதினார். போலி முனைவர்கள் என்பது அவர் ஆண்ட சொல். பிறகு வழக்கம் படிப்படியாக ஒழிந்தது. இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியவை இரண்டு. தொலைவிலிருந்து பெறும் முனைவர் பட்டம் அஞ்சல்வழிக் கல்வியோடு பிறந்த புதுமையன்று. அதன்மேல் எழும் ஐயமும் புதியதன்று. மார்க்சுக்கும் போலி முனைவர்க்கும் வழி ஒன்றே. வேறுபாடு ஆய்வேட்டில் இருந்தது.

*

இனிப் புதுவை. 1909ஆம் ஆண்டு இங்குள்ள காலனியக் கல்லூரிக்கு அறிவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர் கபிரியேல் ழூவோ துப்ரேய். சைகோனில் 1885இல் பிறந்தவர். வகுப்பில் நடத்தியது அறிவியல். மனம் ஈடுபட்டது தென்னாட்டுக் கோயில்களில். மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக்கும் தஞ்சைக்கும் போய் வந்தார். தூணின் மேலுள்ள போதிகை, கூரைவிளிம்பின் கூடு முதலான உறுப்புகள் காலந்தோறும் எவ்வாறு உருமாறின என்று கவனித்து, அம்மாற்றங்களைக் கொண்டே ஒரு கோயிலின் காலத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்ல அம்முறை உதவியது. உறுப்புகளின் பெயர்களை அவர் வெறும் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. தொழில்புரியும் தச்சரையும் சிற்பியரையும் கேட்டறிந்தார். இந்த ஆய்வு பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேடாகச் சென்றது. 1914இல் கட்டடக்கலை, படிமக்கலை என இரு தொகுதிகளாகப் பாரிஸில் அச்சேறியது.

இன்றைய விதிமுறைகளின் சொற்களில் இவரை எப்படி வகைப்படுத்துவது? வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்தவர்; பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமோ கப்பலில் பல வாரப் பயணத் தொலைவில். ஆனால் ஆய்வுப் பொருளுக்கு அவரைவிட நெருக்கமாக எந்தப் பாரிஸ் மாணவரும் இருந்திருக்க முடியாது. பல்லவரைப் பற்றியும் தக்கணத்தின் பழைய வரலாறு பற்றியும் அவர் பின்னர் எழுதிய நூல்களும், 1930களின் இறுதியில் அரிக்கமேட்டின் முக்கியத்துவத்தை அவர் அடையாளம் கண்டதும், அந்தப் பட்டம் தகுதியுள்ளவருக்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டப் போதும். தொலைவு என்பதை எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்ற கேள்வியை ழூவோ துப்ரேய் நம்முன் வைக்கிறார். மாணவனுக்கும் பல்கலைக்கழகக் கட்டடத்துக்கும் இடையிலா, மாணவனுக்கும் அவன் ஆராயும் பொருளுக்கும் இடையிலா?

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவர் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுக் கல்வியின் வாயில் அவருக்குத் திறந்தே இருந்தது. அதே ஆண்டுகளில் புதுவைத் தமிழருக்குத் தமிழ் கற்று உயரும் வழி மிகக் குறுகலாக இருந்தது. கல்வே கல்லூரியில் பயின்ற கனக. சுப்புரத்தினம், தமிழ்ப் புலமைத் தேர்வில் தேறி 1909ஆம் ஆண்டிலேயே காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியரானார். பதினெட்டு வயது. பின்னாளில் பாரதிதாசன் என்று தமிழகம் அறிந்த அவர் 1946 வரை பள்ளி ஆசிரியராகவே பணியாற்றி ஓய்வு பெற்றார். தமிழில் உயராய்வு செய்யவும் பட்டம் பெறவும் உரிய இடம் அந்நாளைய பிரெஞ்சிந்தியாவில் இல்லை. ஒரே பிரெஞ்சிந்தியாவில், ஒரே ஆண்டில், ஆசிரியப் பணியில் சேர்ந்த இருவர். ஒருவருக்குப் பாரிஸ் எட்டியது; மற்றவருக்குத் தம் மொழிக்கான பல்கலைக்கழகம் எட்டாத் தொலைவில் இருந்தது.

*

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில், நிலை வேறாக இருந்தது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. லண்டனோ 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின் வழியே, கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பெரும்பாலான பட்டங்களுக்கு நீக்கிவிட்டது. எங்கே படித்தாய் என்று கேளாமல், என்ன தெரியும் என்று மட்டும் கேட்கும் பல்கலைக்கழகம் அவ்வாறு பிறந்தது. புறநிலைப் பட்டம் என்பதன் தோற்றுவாய் அதுவே.

அந்த வாயில் வழியே வந்த தமிழர்களில் தலைசிறந்தவர் மட்டக்களப்புக் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். அச்சங்கம் 1901இல் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பட்டது. ஈழத்தில் இருந்துகொண்டே அதன் தேர்வுக்குப் படிக்க முடிந்தது. 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தைப் புறநிலை மாணவராகப் பெற்றார். தமிழ்ப் பட்டம் மதுரையிலிருந்து, அறிவியல் பட்டம் லண்டனிலிருந்து. ஆள் இருந்ததோ இலங்கையில். துறவு பூண்டு விபுலாநந்தரான அவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' அவருடைய இரு கல்விகளும் சேர்ந்து விளைந்த பயன். பண்ணிசை மரபைப் பண்டிதராக அறிந்து, சுருதிக் கணக்கை அறிவியலாராக ஆராய்ந்த நூல் அது. இரண்டு பட்டங்களும் தொலைவிலிருந்து பெற்றவை. நூலோ அவ்விரண்டும் ஒருவருக்குள் சந்தித்ததால் பிறந்தது.

தமிழகத்தில் இதற்கு இணையாகச் சொல்லத் தக்கவர் மு. வரதராசனார். திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். உடல்நலம் குன்றி அவ்வேலையை விட்டபின் தமிழைத் தாமே பயின்றார். 1935இல் வித்துவான் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி மாநிலத்தில் முதலிடம் பெற்றார். திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசும் கிடைத்தது. பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1939இல் கீழ்த்திசைமொழிப் பட்டம் பெற்று, அவ்வாண்டே பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. அப்பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றோரில் முதல்வர் என்று அவரைக் குறிப்பிடுவர். பள்ளி ஆசிரியர், கல்லூரி விரிவுரையாளர் என ஒவ்வொரு படியிலும் வேலையை விடாமல் அடுத்த பட்டத்தைத் தேடிக்கொண்டவர் அவர்.

இவ்விருவரையும் நாம் எடுத்துக் கூறுவது பெருமைக்காக மட்டுமன்று. தமிழ்த்துறைகளின் அடித்தளத்தை இட்டவர்களில் பலர் கல்லூரி வளாகத்துக்கு வெளியே படித்தவர்கள். வளாகக் கல்வி அவர்களுக்குக் கிட்டவில்லை. கிட்டாதது அவர்கள் குறையன்று. தேர்வு திறந்திருந்ததால் அவர்கள் உள்ளே வந்தார்கள். வந்தபின் துறைகளையே வளர்த்தார்கள்.

*

1971 பிப்ரவரியில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக மு.வ. பொறுப்பேற்றார். அப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும் அதே 1971தான். இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியதும் அவ்வாண்டே. தனித்தேர்வராகவே வித்துவானான ஒருவரின் காலத்தில், தனித்துப் படிப்போருக்கான நிறுவனம் ஒன்று மதுரையில் உருவானது பொருத்தமான நிகழ்ச்சி எனலாம்.

இந்தியாவில் இதற்கு முன்னோடி தில்லிப் பல்கலைக்கழகம். அங்கே 1962இல் அஞ்சல்வழிப் படிப்பு தொடங்கியது. மதுரைக்குப் பிறகு 1979இல் அண்ணாமலையும், 1981இல் சென்னையும் வந்தன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும், மணமாகிக் குடும்பப் பொறுப்பில் இருந்த பெண்களும் தமிழ் முதுகலை படித்தது பெரிதும் இவற்றின் வழியே. தபால்காரர் கொண்டுவந்த மஞ்சள் உறைக்குள் தொல்காப்பியப் பாடம் வந்தது. தொடர்பு வகுப்புக்காக ஆண்டுக்குப் பத்து நாள் வெளியூர்ப் பள்ளிக் கட்டடத்தில் கூடினார்கள்.

முதுகலைக்கும் ஆய்வுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அதை அன்றைய உற்சாகத்தில் பலர் கருதவில்லை. முதுகலை என்பது வகுத்துக் கொடுத்த பாடத்தைப் படித்துத் தேர்வெழுதுவது. பாடம் உறைக்குள் அடங்கும். ஆய்வு உறைக்குள் அடங்காது. அதற்கு நூலகம் வேண்டும், நெறியாளர் வேண்டும், எழுதியதைத் திருப்பிக் கொடுத்து, இது போதாது என்று சொல்லும் ஒருவர் வேண்டும். 2000களின் நடுப்பகுதியில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையும் அஞ்சல்வழியே பல பல்கலைக்கழகங்கள் வழங்கத் தொடங்கியபோது, இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. கணக்கு வந்தது பின்னர், தண்டனையோடு வந்தது.

*

இதற்கிடையே புதுவையில் நிகழ்ந்தவற்றைச் சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16 அன்று நிறைவேறியது. 1961இல் தாகூர் கலைக் கல்லூரியும் 1968இல் பெண்களுக்கான பாரதிதாசன் அரசுக் கல்லூரியும் அமைந்தன. அவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவில் இருந்தன. பாடத்திட்டமும் வினாத்தாளும் பட்டமும் சென்னையிலிருந்து வந்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே புதுவைப் பல்கலைக்கழகம் பிறந்து காலாப்பட்டில் நிலைகொண்ட பிறகே ஆய்வுப் பட்டம் உள்ளூர்ப் பொருளாயிற்று. 1995இல் அதுவும் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது.

பல்கலைக்கழகத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்பே புதுவைக்கு வேறொன்று வாய்த்திருந்தது. 1955இல் ழான் ஃபிலியோசா பிரெஞ்சு நிறுவனத்தை இங்கே நிறுவினார். அவர் கண் மருத்துவர். மருத்துவத் தொழிலின் ஊடே சமஸ்கிருதமும் திபெத்திய மொழியும் தமிழும் பயின்று, பின்னர் கொலேழ் து ஃபிரான்ஸில் பேராசிரியரானவர். வேலையோடு படித்தவர் நிறுவிய நிறுவனம் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் கிளையும் ஊரில் அமைந்தது. இவ்விரண்டும் திரட்டிப் பாதுகாக்கும் சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1827இல் தொடங்கிய பொது நூலகம், இன்று ரொமேன் ரோலண்ட் பெயரில் வழங்குவது, இவற்றுக்கெல்லாம் மூத்தது.

ஆய்வுப்பள்ளியில் 1970களின் இறுதி முதல் பணியாற்றியவர் பண்டித வித்துவான் தி.வே. கோபாலையர். 1926இல் பிறந்தவர், திருவையாற்று அரசர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பிரான்சுவா குரோவோடு இணைந்து அவர் பதிப்பித்த தேவாரத்தின் முதலிரு தொகுதிகள் 1984, 1985 ஆண்டுகளில் வந்தன. மூன்றாம் தொகுதி 1991இல் வந்தது. 2005இல் வெளியான தமிழ் இலக்கணப் பேரகராதி 17 தொகுதிகள் கொண்டது. 2007இல் மறைந்தார். பண்டிதர் என்பதே அவருக்கு அடைமொழியாக நின்றது. ஐயம் கேட்க வந்தவர்களில் வெளிநாட்டு ஆய்வாளர் உண்டு. பெயருக்கு முன் முனைவர் என்று போட்டுக்கொண்ட பேராசிரியர்களும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கிறாய் என்பது அங்கே பொருட்டில்லை. எந்த நூற்பாவில் ஐயம் என்பதே பொருட்டு.

வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டுப் புதுவையில் அமர்ந்து ஆய்வு செய்த ஒரு தலைமுறைக்கு இந்த ஊர் அளித்தது இதுவே. பதிவேட்டில் அவர்கள் தொலைவில் இருந்தார்கள். மாலை நான்கு மணிக்குக் கல்லூரி விட்டதும் சைக்கிளில் கடற்கரைப் பக்கம் வந்து நூலகத்தில் அமர்ந்தபோது, அவர்கள் ஆய்வுக்கு மிக அருகில் இருந்தார்கள். இதே பதிவை வைத்துக்கொண்டு நூலகமற்ற சிற்றூரில் இருந்தவருக்கு இந்த நல்வாய்ப்பு இல்லை. விதி இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தது.

*

அந்த விதியின் கதை சுருக்கமாக இது. 1990களின் தொடக்கத்திலிருந்து விரிவுரையாளர் பணிக்குத் தேசியத் தகுதித் தேர்வு வேண்டும் என்றிருந்தது. 2006இல் பல்கலைக்கழக மானியக் குழு விதியைத் தளர்த்தியது: முனைவர் பட்டம் பெற்றோருக்கு அத்தேர்வு வேண்டா, ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றோர் இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தவும் அத்தேர்வு வேண்டா. வாயில் திறந்ததும் கூட்டம் திரண்டது. அஞ்சல்வழி ஆய்வுப் பட்டங்கள் பெருகியதற்கு இத்தளர்வும் ஒரு காரணம்.

2009 ஜூலையில் வாயில் மூடியது. அவ்வாண்டின் ஒழுங்குமுறை, ஆய்வியல் நிறைஞர், முனைவர் பட்டங்களைத் தொலைநிலையில் நடத்தலாகாது என்று தடை விதித்தது. நுழைவுத் தேர்வும் ஒரு பருவப் பாடநெறியும் கட்டாயமாயின. ஒரு நெறியாளரிடம் ஒரே காலத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் எண்மருக்கு மேல் இருத்தலாகாது என்ற வரம்பும் வந்தது. இந்த வரம்பு விதிக்கப்பட்டதே முன்பிருந்த நிலையை நமக்கு உணர்த்தும். தகுதித் தேர்விலிருந்து விலக்கு, இப்புதிய ஒழுங்குமுறையின்படி பட்டம் பெற்றவர்க்கு மட்டுமே என்றும் ஆயிற்று. முன்னரே பட்டம் பெற்றவர்களும் பாதி வழியில் இருந்தவர்களும் நீதிமன்றங்களை நாடினர். 2015 மார்ச் 16 அன்று, சுசீலா வழக்கில், உச்ச நீதிமன்றம் மானியக் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு தகுதி இருப்பதனாலேயே பணிக்கான உரிமை உறுதிப்பட்டுவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2016இல் ஒரு தளர்வு வந்தது. 2009 ஜூலை 11க்கு முன் பதிவு செய்தவர்கள் ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால் விலக்குப் பெறலாம். புறத்தேர்வாளர் இருவரேனும் ஆய்வேட்டை மதிப்பிட்டிருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்திருக்க வேண்டும். ஆய்விலிருந்து இரு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும், அவற்றுள் ஒன்றேனும் மதிப்பீட்டு இதழில். கருத்தரங்குகளில் இரு கட்டுரைகள் படித்திருக்க வேண்டும். இந்நான்கும் ஆய்வின் தரத்தைக் கேட்பவை, நியாயமானவை. எஞ்சிய நிபந்தனை, பட்டம் முறையான வழியில் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது. அது ஆய்வேட்டைக் கேட்கவில்லை. சேர்க்கைப் படிவத்தைக் கேட்டது. மற்ற நான்கையும் ஐயமற நிறைவேற்றியவரும் இந்த ஒன்றில் வீழ்ந்தார். நாம் மேலே சொன்ன நூலக மாணவரும், நூலகமே காணாமல் ஆய்வேடு கட்டியவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டது இங்கேதான்.

2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறை தொலைநிலையோடு இணையவழி முனைவர் பட்டத்தையும் தடுத்தது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையே நிறுத்தியது. பகுதிநேர ஆய்வை மட்டும் அனுமதித்தது. பணியில் இருப்பவர் தம் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு. மறுபதிவால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் அறிவித்து, 2021இலிருந்து 2023க்குத் தள்ளிவைத்து, 2023 ஜூலையில் அக்கட்டாயத்தையே மானியக் குழு நீக்கிவிட்டது. பட்டத்துக்காக இரவு பகலாக உழைத்தவர், முடிக்கும்போது விதி வேறாக இருப்பதைக் கண்டார்.

*

இவ்வரலாற்றிலிருந்து நாம் எந்தப் பக்கம் நிற்பது? தடை தேவையற்றது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெயர் மாற்றி அச்சான ஆய்வேடுகளையும், தலைப்பில் மட்டும் வேறுபட்ட ஆய்வேடுகளையும் நாம் அறிவோம். மாம்சன் 1876இல் கோபம் கொண்டதன் நியாயம் 2009க்கும் உண்டு. ஆனால் நோய்க்குக் காரணம் தொலைவன்று. நெறியாளரின் கவனமின்மையும் தேர்வாளரின் தாட்சண்யமும். இவ்விரண்டும் வளாகத்துக்குள்ளேயும் நன்றாகவே வளரும். துறையின் அடுத்த அறையில் நெறியாளர் இருக்க, ஆறு மாதம் ஓர் இயலைக்கூடத் திருத்தி வாங்க முடியாத முழுநேர ஆய்வாளர் நம்மிடையே இல்லையா? வாரந்தோறும் பேருந்தேறிச் சென்று, சிவப்பு மையால் நிறைந்த பக்கங்களோடு திரும்பிய பகுதிநேர ஆய்வாளர் இல்லையா? முறையைத் தடை செய்வது எளிது. தரத்தை அளப்பது கடினம். நிருவாகம் எளியதைத் தேர்ந்துகொண்டது.

பகுதிநேர ஆய்வு ஒன்றே இன்று வேலைபார்ப்போருக்கு எஞ்சிய வழி. அவ்வழியின் திறவுகோல் தடையின்மைச் சான்று என்னும் ஒரு தாளில் இருக்கிறது. நிரந்தரப் பணியில் உள்ளவர்க்கு அது ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் விருந்தினர் விரிவுரையாளருக்கோ அது ஒரு தயவு. அடுத்த ஆண்டு தமக்கு வேலை உண்டா என்று தெரியாதவர் ஆறாண்டு ஆய்வுக்கு யாரிடம் சான்று கேட்பார்? 1935இல் திருப்பத்தூரிலிருந்து ஒருவர் யாருடைய சான்றும் இன்றித் தேர்வெழுத முடிந்தது என்பதை நினைக்கும்போது, நாம் எதைக் காத்தோம், எதை இழந்தோம் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

முடித்தவர்களின் நிலை என்ன? பட்டம் வந்ததும் பணி வந்துவிடுவதில்லை. புதுவை அரசுக் கல்லூரிகளில் இடங்கள் சில, காத்திருப்போர் பலர். நாற்பது வயதில் முனைவராகும் ஒருவர், இருபத்தெட்டு வயது முழுநேர ஆய்வாளரோடு ஒரே நாற்காலிக்காகப் போட்டியிடுகிறார். அவருடைய பதினைந்து ஆண்டு வகுப்பறை அனுபவம் மதிப்பெண் பட்டியலில் சிறு எண்ணாகச் சுருங்குகிறது. ஆயினும் அவரிடம் ஒன்று உண்டு. காலையில் மாணவருக்குக் குறுந்தொகை நடத்தி, அவர்கள் கேட்ட கேள்வியை மாலையில் ஆய்வுக்கு எடுத்துச் சென்றவர் அவர். போதிகையின் பெயரைத் தச்சரிடம் கேட்டறிந்த அறிவியல் ஆசிரியரைப் போல, ஆய்வும் பிழைப்பும் அவரிடம் ஒன்றையொன்று திருத்திக்கொண்டன. இது எந்தப் பட்டியலிலும் ஏறாத தகுதி.

ஆகவே தேர்வுக் குழுக்களில் அமர வாய்க்கும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. விதி கேட்கும் சான்றுகளைக் கேளுங்கள். அது உங்கள் கடமை. அதன்பின் ஆய்வேட்டைக் கையிலெடுத்து நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைப் புரட்டி, அதில் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். எழுதியவர் யார், எவ்வளவு அருகிலிருந்து எழுதினார் என்பது அந்த ஒரு விடையில் தெரிந்துவிடும். லண்டனும் மதுரைச் சங்கமும் விபுலாநந்தரிடம் கேட்டது அவ்வளவே.